நஞ்சை எடைபோடக் கற்றுத்தந்த ஆலன் வால்ஷ்

சுற்றுச்சூழல் பொருளியலை வகுப்பில் நடத்தும் ஆசிரியர் எவரும் முதல் வாரத்திலேயே கரும்பலகையில் இரண்டு கோடுகளை வரைந்துவிடுவார். ஓர் ஆலை சமூகத்துக்குத் தரும் ஆதாயத்தை ஒரு கோடு காட்டும்; அதன் கழிவு விளைவிக்கும் கேட்டை மற்றொன்று காட்டும். கேட்டின் மதிப்புக்கு ஈடாக வரி விதித்தால் ஆலை தானாகவே அடங்கும் என்ற கருத்தை 1920-இல் வெளியான தமது நூலில் ஆர்தர் பிகு முன்வைத்தார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நானும் அந்தக் கோடுகளை வரைந்திருக்கிறேன். கேட்டைக் காட்டும் கோட்டுக்கான எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று பாடநூல்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. ஆற்று நீரில் எத்தனை மில்லிகிராம் ஈயம், குழந்தையின் இரத்தத்தில் எவ்வளவு, வயலின் நெல்லில் எவ்வளவு காட்மியம் என்பது தெரியாதவரை அது வெறும் சுண்ணாம்புக் கோடுதான்.

அந்த எண்களைச் சாதாரண ஆய்வகத்துக்கும் எட்டும் செலவில், சில நொடிகளில் கிடைக்கச் செய்தவர் ஆலன் வால்ஷ். பொருளியல் நூல்களின் பெயரடைவில் அவரைக் காண முடியாது. ஆனால், மண், நீர், உணவு, இரத்தம் ஆகியவற்றில் உலோகங்களைத் தேடும் ஆய்வகங்களில் அவர் பெயரை அறியாதவர் அரிது.

1916 டிசம்பர் 19 அன்று இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்தில், டார்வென் நகரை அடுத்த ஹாட்லஸ்டன் என்ற சிற்றூரில் வால்ஷ் பிறந்தார். தந்தை பருத்தி ஆலை மேலாளர். இந்தியப் பொருளாதார வரலாற்றைப் படித்தவர்களுக்கு லங்காஷயர் என்ற சொல்லே ஒரு தனிப் பாடம். வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் சென்றிருந்த காந்தி, அந்நியத் துணி மறுப்பால் வேலையிழந்த நெசவாலைத் தொழிலாளர்களைச் சந்திக்க 1931 செப்டம்பரில் நேரில் வந்ததும் இதே டார்வெனுக்குத்தான். அப்போது வால்ஷுக்கு 14 வயது. அவ்வூரின் கிராமர் பள்ளி மாணவர். பருத்தித் தொழிலின் சரிவைக் கண்ணெதிரே பார்த்து வளர்ந்த தலைமுறை அது. ஆலையை நம்பாமல் படிப்பை நம்பிய பிள்ளைகள் பலர் அங்கிருந்து வெளியேறினர். வால்ஷும் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயிலச் சென்றார். அவர் சேர்ந்த காலத்தில் அங்கே இயற்பியல் பேராசிரியராக இருந்தவர், எக்ஸ் கதிர்களால் படிகங்களின் அமைப்பைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற லாரன்ஸ் பிராக்.

1939-இல் லண்டனிலிருந்த இரும்பல்லாத உலோகங்களுக்கான பிரிட்டிஷ் ஆராய்ச்சிச் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். போர் தொடங்கிவிட்டது. சுட்டு வீழ்த்தப்பட்ட ஜெர்மன் விமானங்களின் உலோகக் கலவையை ஆராய்வதும் அந்த ஆய்வகத்தின் பணிகளுள் ஒன்றாயிற்று. எதிரியிடம் எந்த உலோகத்துக்குத் தட்டுப்பாடு என்பதை விமானத்தின் உடைந்த துண்டு சொல்லிவிடும் அல்லவா? அதற்கு அன்று கைகொடுத்தது உமிழ்வு நிறமாலை முறை. உலோகத்தை மின்பொறியில் எரியவிட்டு, அது உமிழும் ஒளியை நிறமாகப் பிரித்து, எந்தக் கோடு எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்று பார்ப்பது அது. ஒவ்வொரு தனிமத்துக்கும் தனக்கே உரிய கோடுகள் உண்டு என்பதை 1859-60 காலத்தில் ஹைடல்பர்க் நகரில் கிர்க்காஃபும் புன்சனும் நிறுவியிருந்தனர்.

இந்த முறையில் ஒரு தீராத தொல்லை இருந்தது. வெப்பநிலை சற்றே ஏறி இறங்கினாலும் கோட்டின் பிரகாசம் பெரிதும் மாறிவிடும். கலவையில் உள்ள பிற பொருள்களும் அதைக் கலைக்கும். ஆகவே, ஒவ்வொரு வகை மாதிரிக்கும் அதையொத்த அளவுகோல் மாதிரிகளைச் செய்து வைத்து ஒப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஏழு ஆண்டுகள் வால்ஷ் இந்தத் தொல்லையோடு வாழ்ந்தார்.

1946-இல் ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பில் பணி ஏற்று மெல்பனுக்குக் குடிபெயர்ந்தார். இன்று சிஎஸ்ஐஆர்ஓ என்று அறியப்படும் அமைப்பு அது. அங்கே அவருக்குத் தரப்பட்டது வேறு வேலை: மூலக்கூறுகள் அகச்சிவப்பு ஒளியை எப்படி உட்கவர்கின்றன என்பதை அளப்பது. அதிலும் அவர் ஒரு புதுமை செய்தார். ஒரே கருவிக்குள் ஒளியை இருமுறை செலுத்திக் கோடுகளைத் துல்லியமாகப் பிரிக்கும் அந்த அமைப்பை அமெரிக்காவின் பெர்கின்-எல்மர் நிறுவனம் உரிமம் பெற்றுத் தயாரித்தது. பிற்கால வெற்றியின் பெருவெளிச்சத்தில் இது மறைந்துவிட்டது. வேறொருவருக்கு இதுவே வாழ்நாள் சாதனையாக இருந்திருக்கும்.

அணுக்களை அளப்பவர்கள் உமிழ்வையும், மூலக்கூறுகளை அளப்பவர்கள் உட்கவர்தலையும் பயன்படுத்திவந்த காலம் அது. ஏன் இப்படி என்று எவரும் பெரிதாகக் கேட்கவில்லை. இரு பக்கமும் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவர் என்பதால் வால்ஷுக்கு அந்தக் கேள்வி எழுந்தது. 1952 மார்ச் மாதத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டுத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது விடை தோன்றியது என்பது அவர் வாழ்க்கையில் அனைவரும் சொல்லும் கதை. கைமண்ணைத் தட்டிவிட்டு உள்ளே ஓடி, உடன் பணியாற்றிய ஜான் ஷெல்டனைத் தொலைபேசியில் அழைத்தார். மறுநாள் ஆய்வகத்தில் ஒரு சோடியம் விளக்கின் ஒளியைச் சுடரின் ஊடாகச் செலுத்தி, சுடரில் சோடியம் கரைசலைத் தூவினர். ஒளி குறைந்தது. தேநீர் நேரத்துக்குள் விஷயம் முடிந்துவிட்டது. ஆப்பிள் விழுந்த கதைகளை நான் பொதுவாக நம்புவதில்லை. இந்தக் கதையில்கூட அந்த ஞாயிற்றுக்கிழமையைவிட, அதற்கு முந்தைய பதின்மூன்று ஆண்டுகளே எனக்கு முக்கியமாகப் படுகின்றன.

அந்த விடையின் எளிமையைச் சற்று விளக்கியாக வேண்டும். சுடரில் தூவப்பட்ட சோடியம் அணுக்களில் ஒளியை உமிழும் நிலைக்கு ஏறுபவை, 2000 கெல்வின் வெப்பத்தில், ஏறத்தாழ லட்சத்தில் ஒன்றுதான். துத்தநாகத்தில் அது கோடி கோடியில் ஒன்றுகூட இல்லை. மீதமுள்ள அனைத்தும் தாழ்நிலையில் சும்மா இருக்கின்றன. உமிழ்வு முறையில் நாம் அளப்பது அந்த லட்சத்தில் ஒன்றை. வெப்பம் 3000 கெல்வினுக்கு உயர்ந்தால் சோடியத்தில் அந்த ஒன்று சுமார் அறுபதாகிவிடும். அதனால்தான் அளவு தடுமாறுகிறது. சும்மா இருக்கும் பெருங்கூட்டத்தின் எண்ணிக்கையோ ஏறக்குறைய மாறுவதே இல்லை. அந்தக் கூட்டத்தின் மீது அதே தனிமத்துக்குரிய ஒளியைச் செலுத்தினால் அது அதை விழுங்கும். எவ்வளவு விழுங்கப்பட்டதோ அதற்கேற்ப அணுக்களின் எண்ணிக்கை தெரியும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஊரின் கோடீசுவரர்களை எண்ணி மொத்த மக்களை ஊகிப்பதற்கும், வீடுவீடாக எண்ணுவதற்கும் உள்ள வேறுபாடு இது என்று சொன்னால் என் துறையினருக்கு எளிதில் விளங்கும்.

சூரிய ஒளியில் தெரியும் கருங்கோடுகள் இத்தகைய உட்கவர்தலால் ஏற்படுபவை என்று கிர்க்காஃப் அன்றே விளக்கியிருந்தார். வானியலர்கள் அதைக் கொண்டு விண்மீன்களில் உள்ள தனிமங்களைக் கண்டறிந்தனர். காற்றில் உள்ள பாதரச ஆவியை அளக்க மட்டும் இந்த முறை பயன்பட்டது. மற்றபடி வேதியியலர்கள் தொண்ணூறு ஆண்டுகள் அதைத் தீண்டவில்லை. அதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. அணு உட்கவரும் கோடு மிக மிகக் குறுகியது. ஒரு நானோமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு அளவே. சாதாரண வெள்ளொளியிலிருந்து அவ்வளவு மெல்லிய இழையைப் பிரித்தெடுக்கும் கருவி அன்று எந்த வேதியியல் ஆய்வகத்திலும் இல்லை.

வால்ஷ் அந்தக் கருவியைச் செய்ய முயலவில்லை. ஈயத்தை அளக்க ஈயமே ஒளிரும் விளக்கு, துத்தநாகத்துக்குத் துத்தநாக விளக்கு என்று தீர்வு கண்டார். எதிர்மின்வாயை உள்ளே குடைந்த சிறு கிண்ணம்போல் அளக்க வேண்டிய உலோகத்தாலேயே செய்து, குறைந்த அழுத்த வாயுவில் மின்சாரம் பாய்ச்சினால், அந்த உலோகத்துக்கே உரிய மெல்லிய கோடுகள் வெளிவரும். விளக்கொளியைத் துடிக்கவிட்டு, அந்தத் துடிப்புக்கு மட்டுமே செவிசாய்க்கும் மின்பெருக்கியை வைத்தால், சுடரின் சொந்த ஒளி கணக்கில் வராது. விளக்கு, சுடர், நிறப்பிரிப்பான், மின்பெருக்கி என நான்கே உறுப்புகள். எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த அமைப்பு பெரிதாக மாறவில்லை.

1953-இன் இறுதியில் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது. 1954 மார்ச்சில் மெல்பனில் நடந்த இயற்பியல் கருவிகள் கண்காட்சியில் இயங்கும் கருவி ஒன்றை வைத்தனர். பார்த்தவர்கள் கடந்து சென்றனர். 1955-இல் ஸ்பெக்ட்ரோகிமிகா ஆக்டா இதழில் வால்ஷின் கட்டுரை வெளிவந்தது. அதே ஆண்டில் நெதர்லாந்தின் அல்கமாடே, மிலாட்ஸ் ஆகியோரும் இதே கருத்தைத் தனியாக வெளியிட்டனர். உரிமம் பெற்ற பிரிட்டிஷ் நிறுவனமான ஹில்கர் அண்ட் வாட்ஸ், ஏற்கெனவே விற்பனையில் இருந்த தன் கருவியோடு பொருத்தக்கூடிய ஓர் இணைப்பாக மட்டுமே இதைச் செய்தது. அது எடுபடவில்லை.

காப்புரிமை இருந்தால் போதும், சந்தை தானாக வரும் என்பவர்கள் இந்த ஐந்தாறு ஆண்டுகளைக் கவனிக்க வேண்டும். கருவி செய்யும் நிறுவனங்கள் ஏற்கெனவே உமிழ்வுக் கருவிகளை விற்றுக்கொண்டிருந்தன. வாங்கும் ஆய்வகங்களும் அவற்றில் பழகியிருந்தன. புதிய முறை மலிவு என்பதுகூட விற்பவருக்குக் கவர்ச்சியான செய்தி அல்ல. வால்ஷ் நாடு நாடாகச் சென்று உரையாற்றினார். பலன் மெல்லவே வந்தது.

கதவைத் திறந்தவர்கள் வேளாண் ஆய்வாளர்கள். ஆஸ்திரேலிய நிலத்தின் பெரும்பகுதியில் துத்தநாகம், செம்பு போன்ற நுண்சத்துகள் குறைவு. எவ்வளவு குறைவு என்று அறியாமல் உரமிட முடியாது. கான்பெராவில் தாவர ஆய்வுப் பிரிவிலும் நியூசிலாந்திலும் இருந்த சிலர் கருவியைத் தாமே பொருத்திக்கொண்டு பயிரிலும் மண்ணிலும் இவற்றை அளக்கத் தொடங்கினர். மருத்துவத்துக்கு அதைக் கொண்டுசென்றவர் வால்ஷின் சக ஆய்வாளர் ஜான் வில்லிஸ். இரத்தத்தில் கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றை அளந்த பின், 1961-இல் சிறுநீரில் ஈயத்தை அளக்கும் வழியை வெளியிட்டார். ஈயத்தைக் கரிமக் கரைப்பான் ஒன்றுக்குள் இழுத்துச் செறிவாக்கி, அதைச் சுடரில் தூவும் முறை அது. மின்கல ஆலையிலும் அச்சகத்திலும் வேலை செய்பவரின் உடலில் ஈயம் ஏறுகிறதா என்பதைச் சொல்ல அதுவரை நாள் முழுக்க நீளும் நிறமாற்றச் சோதனைகளே இருந்தன. தொழிலாளியின் நோய்க்கும் முதலாளியின் பொறுப்புக்கும் இடையே வழக்காட ஓர் எண் தேவை. அது இப்போது ஒரு மருத்துவமனை ஆய்வகத்தின் கைக்கு வந்தது.

பெரிய நிறுவனங்கள் அசையாதபோது, மெல்பனைச் சுற்றியிருந்த சிறு தொழிற்கூடங்களை ஆய்வகம் நாடியது. ஒருவர் விளக்கு செய்தார். ஒருவர் மின்னணுப் பகுதி செய்தார். டெக்ட்ரான் என்ற சிறு நிறுவனம் பிற உறுப்புகளைச் செய்தது. வாங்குபவர் தாமே பூட்டிக்கொள்ள வேண்டிய தொகுப்பாக அது விற்கப்பட்டது. 1960-களின் தொடக்கத்தில் டெக்ட்ரான் முழுக் கருவியையே தயாரித்தது. 1967-இல் அமெரிக்காவின் வேரியன் அதைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. பெர்கின்-எல்மரும் இதற்குள் களத்தில் இறங்கியிருந்தது. அசிட்டிலீனைக் காற்றுடன் எரிக்கும் சுடரின் வெப்பம் சுமார் 2300 டிகிரி. அலுமினியம் போன்றவை அதில் அணுக்களாகப் பிரிவதில்லை. 1965-இல் வில்லிஸ், காற்றுக்குப் பதிலாக நைட்ரஸ் ஆக்சைடை, அதாவது மயக்க மருந்தாகப் பயன்படும் அந்தச் சிரிப்பூட்டும் வாயுவைச் செலுத்தி வெப்பத்தை மேலும் உயர்த்தினார். அதோடு இந்த முறைக்குள் அடங்கும் தனிமங்களின் எண்ணிக்கை அறுபதைத் தாண்டியது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் நிக்கல் தேடும் வேட்டை சூடுபிடித்தபோது, வந்து குவிந்த பாறைத் துணுக்குகளைச் சோதித்தவை இந்தக் கருவிகளே.

1969-இல் எகனாமிக் ரெக்கார்ட் என்ற ஆஸ்திரேலியப் பொருளியல் இதழில் இந்த ஒரு கண்டுபிடிப்பின் பயனை மட்டும் கணக்கிட்ட கட்டுரை ஒன்று வெளிவந்தது. ஓர் அறிவியல் ஆய்வுக்குச் செலவு-பயன் கணக்குப் போட்ட தொடக்கக்கால முயற்சிகளுள் அது ஒன்று. செலவைப் பயன் வெகுவாக விஞ்சியது என்பதே அதன் முடிவு. அந்தப் பயனில் பெரும்பகுதி காப்புரிமை வைத்திருந்தவருக்கோ கருவியை விற்றவருக்கோ போகவில்லை. சோதனைச் செலவு குறைந்ததால் சுரங்கமும் பண்ணையும் ஆலையும் பெற்ற ஆதாயம் அது. அரசுப் பணத்தில் அடிப்படை ஆய்வு நடத்துவதற்கு இதைவிட நேரடியான நியாயத்தை நான் கண்டதில்லை. நச்சு உலோகங்கள் அளக்கப்பட்டதால் தவிர்க்கப்பட்ட நோய்களின் மதிப்பை அந்தக் கணக்கோடு சேர்த்தால் தொகை எங்கு போய் நிற்கும்?

நம் நாட்டில் 2000 பிப்ரவரி முதல் ஈயமற்ற பெட்ரோல் மட்டுமே விற்கப்படுகிறது. ஈயமற்றது என்று ஒரு பொருளுக்குப் பெயர் வைத்து விற்பதற்கு, ஈயம் இல்லை என்று காட்டும் மலிவான சோதனை வேண்டும். பெட்ரோலில் ஈயத்தை அளக்கும் நிலையான முறைகளுள் ஒன்று வால்ஷின் முறை. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வேலூர் வழக்கில், 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. பிகுவின் கோடு அன்று நீதிமன்றம் ஏறியது எனலாம். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-இல் மூடப்பட்ட பின், ஏரியில் கலந்த பாதரசத்தை அணுசக்தித் துறையின் ஹைதராபாத் ஆய்வகம் அளந்து 2006-இல் ஆய்விதழில் வெளியிட்டது. பாதரசத்துக்குச் சுடரே தேவையில்லை. அறை வெப்பத்திலேயே அது அணு ஆவியாக எழும், 253.7 நானோமீட்டர் ஒளியை விழுங்கும்.

கருவிக்கு எல்லைகளும் உண்டு. அவற்றை அறியாமல் அறிக்கையைப் படிப்பது ஆபத்து. குடிநீரில் ஈயத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், காட்மியத்துக்கு 0.003. சுடர் முறை ஈயத்தைக் காணத் தொடங்குவதே ஏறக்குறைய அந்த 0.01 அளவில்தான். செறிவாக்காமல் நேரடியாகச் சுடரில் தூவிச் சோதித்த ஆய்வகம், கண்டறியப்படவில்லை என்று எழுதிக் கொடுத்தால், அதை இல்லை என்று படித்துவிடக் கூடாது. சிற்றளவுகளுக்குச் சுடரின் இடத்தில் கிராஃபைட் உலையை வைக்க வேண்டும். ஆர்செனிக்கின் ஒளியைச் சுடரே விழுங்கிவிடுவதால் அதை வாயுவாக மாற்றி அளக்கும் தனி வழி வேண்டும். குரோமியத்தில் நச்சு மிகுந்த வகையையும் தீங்கு குறைந்த வகையையும் சுடர் பிரித்துச் சொல்லாது; மொத்தத்தையே சொல்லும். தோல் ஆலைக் கழிவைப் பற்றிய வாதங்களில் இந்த வேறுபாடு சிறியதல்ல.

இவை அனைத்தையும்விட எனக்கு உறுத்தலாகத் தோன்றுவது விளக்குதான். ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு விளக்கு வேண்டும். ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. காட்மியம் விளக்கு வாங்காத ஆய்வகத்தின் அறிக்கையில் காட்மியம் என்ற வரியே இராது. வரி இல்லாததால் கேள்வியும் எழாது. ஒரு மாவட்டத்து மக்கள் எந்த நஞ்சைப் பற்றி அறிந்துகொள்வார்கள் என்பதை ஆண்டுக் கொள்முதல் பட்டியல் தீர்மானித்துவிடுகிறது. மாசுக் கட்டுப்பாட்டு ஆய்வகங்களின் ஆண்டறிக்கைகள் எத்தனை மாதிரிகள் சோதிக்கப்பட்டன என்பதோடு, எந்தெந்தத் தனிமங்களைச் சோதிக்கும் வசதி அங்கே உள்ளது, எந்த அளவு வரை கண்டறிய முடியும் என்பதையும் வெளியிட வேண்டும் என்று நான் கருதுகிறேன். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

வால்ஷுக்குப் பெருமைகள் தாமதமாக வந்தாலும் குறைவின்றி வந்தன. 1969-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1976-இல் அதன் ராயல் பதக்கம். 1977-இல் சர் பட்டம். அதே ஆண்டு பணி ஓய்வு பெற்றார். பின்னர் சில ஆண்டுகள் பெர்கின்-எல்மர் நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்தார். 1998 ஆகஸ்ட் 3 அன்று மெல்பனில் காலமானார். வேரியனின் கருவிப் பிரிவு 2010-இல் அஜிலென்ட் நிறுவனத்தின் கைக்கு மாறியது. ஒரே வீச்சில் பல தனிமங்களை, சுடரைவிட ஆயிரம் மடங்கு நுட்பமாக எண்ணும் பிளாஸ்மா நிறமாலைமானிகள் பெரிய ஆய்வகங்களில் இடம்பிடித்துவிட்டன. அவற்றின் விலை எட்டாத கல்லூரிகளிலும் மாவட்ட ஆய்வகங்களிலும் சுடர்க் கருவிதான் இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது.